பஸ் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: முதலில் பற்றரி, பிறகு கேபிள், கடைசியாக மோட்டர்

எங்கள் பக்கத்தில் பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் கழற்றப்படுவது ஸ்டார்ட்டர் மோட்டர்தான். சாரதி சாவியைத் திருப்புகிறார். "டக்" என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "மோட்டர் போயிட்டுது தம்பி, கழற்று" என்கிறார். பாரமான அந்த இரும்பைப் பஸ்ஸுக்குக் கீழே மல்லாந்து கிடந்து கழற்றி, முச்சக்கர வண்டியில் ஏற்றி, ஸ்டார்ட்டர் திருத்தும் கடைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து மின் கொடுத்துப் பார்த்தால் அது நன்றாகச் சுற்றும். குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். பற்றரியில் இருக்கலாம், பற்றரித் தலையில் பூத்துக் கிடக்கும் வெள்ளையில் இருக்கலாம், சேசியோடு பூட்டிய ஏர்த் கேபிளில் (மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் வழி) இருக்கலாம்.

புதிதாகச் சாரதி வேலைக்கு வந்தவர்கள், கராஜில் வேலை பழகும் பிள்ளைகள், ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு கடனும் கட்டுகிற முதலாளிமார், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மின்சாரம் படித்திருக்கத் தேவையில்லை. பெருக்கல், கழித்தல் தெரிந்தால் போதும்.

சாவியைத் திருப்பினால் என்ன நடக்கிறது

சாவி வழியாகப் போவது சின்ன மின்னோட்டம். அது ஸ்டார்ட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினொயிட் என்ற சின்ன உருளைக்குப் போகிறது. அதற்குள் ஒரு காந்தச் சுருள். அது இரண்டு வேலை செய்கிறது. ஒரு பக்கம், ஸ்டார்ட்டரின் நுனியில் உள்ள பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தைத் தள்ளி, எஞ்சினின் பிளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல் வளையத்தோடு கோர்க்கிறது. மற்றப் பக்கம், ஒரு தடித்த செப்புத் தட்டை இழுத்து இரண்டு பெரிய போல்ட்டுகளை இணைக்கிறது. அந்த இணைப்பு விழுந்த பிறகுதான் பற்றரியில் இருந்து பெரிய மின்னோட்டம் மோட்டருக்குள் பாய்கிறது. நீங்கள் கேட்கிற "டக்" இந்தச் சொலினொயிட்டின் சத்தம்தான். ஆகவே "டக்" கேட்டால் சாவி, சின்ன வயர், சொலினொயிட்டின் சுருள் ஆகிய மூன்றும் அநேகமாக உயிரோடு இருக்கின்றன என்று ஒரு முடிவுக்கு வரலாம். அதுவே ஒரு பெரிய தகவல்.

பினியனில் பத்துப் பன்னிரண்டு பற்கள். பிளைவீல் வளையத்தில் நூறுக்கு மேல். எஞ்சின் ஒருமுறை சுற்ற மோட்டர் பத்து முறைக்கு மேல் சுற்ற வேண்டும். எஞ்சின் தானாக ஓடத் தொடங்கியதும் பினியனுக்குள் இருக்கும் ஒருவழிக் கிளச் மோட்டரைக் காப்பாற்றுகிறது. இல்லாவிட்டால் எஞ்சினே மோட்டரைத் தாறுமாறான வேகத்தில் சுற்றிச் சிதறடித்துவிடும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி, அந்த இறுக்கத்தில் வரும் சூட்டால்தான் டீசல் பற்றுகிறது. அந்தச் சூடு 500 பாகை செல்சியஸ் அளவுக்குப் போக வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், இறுக்கிய காற்று பிஸ்டன் ரிங் ஓரமாகக் கசியும். சூடும் சிலிண்டர்ச் சுவருக்குள் போய்விடும். நிமிடத்துக்கு 150 சுற்றாவது கிடைத்தால் நல்லது. "சுற்றுது, ஆனா பத்தமாட்டேங்குது" என்று சொல்கிற இடத்தில் பாதித் தடவை டீசல் பம்பில் குற்றம் இருக்காது. சுற்றும் வேகம்தான் போதாது.

இனி அளவு. பஸ்ஸின் ஸ்டார்ட்டர் நாலைந்து கிலோவாட் வேலை செய்யும் மோட்டர். 24 வோல்ட்டில் அது 200 அம்பியரை எளிதாக இழுக்கும். நின்ற இடத்தில் இருந்து அசையும் முதல் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது 6 அம்பியர் அளவு. "லைட் நல்லா எரியுது, பற்றரியில பிழை இல்லை" என்ற பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! 6 அம்பியர் கொடுக்க முடிந்த பற்றரி 400 அம்பியர் கொடுக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. லைட்டைப் போட்டபடி செல்ஃப் அடித்து, அதாவது சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரைச் சுற்ற வைத்துப் பாருங்கள். லைட் செத்துப்போனால் பற்றரியிலோ பற்றரித் தலையிலோ பலம் இல்லை. லைட் கொஞ்சமும் மங்கவில்லை என்றால் மின்னோட்டம் மோட்டருக்குப் போகவே இல்லை, வழியில் எங்கோ வெட்டு. செலவில்லாத சோதனை இது.

காருக்கு 12 வோல்ட் இருக்க பஸ்ஸுக்கு ஏன் 24? அதே வேலையை 12 வோல்ட்டில் செய்ய இரட்டிப்பு அம்பியர் வேண்டும். அம்பியர் இரட்டித்தால் கேபிளில் சூடாகிப் போகும் இழப்பு நாலு மடங்கு ஆகும். அதனால்தான் வோல்ட்டைக் கூட்டினார்கள்.

இரண்டு பற்றரி, ஒரே நுகம்

ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்த ஒரு அறை 2.1 வோல்ட் தரும். ஆறு அறை சேர்ந்தால் 12.6. அப்படி இரண்டு பற்றரியை, ஒன்றின் பிளஸ்ஸை மற்றதின் மைனஸோடு கட்டி வரிசையில் போட்டால் 25 வோல்ட்டுக்குச் சற்று மேல். பற்றரியின் மேல் என் 120, என் 150, என் 200 என்று போட்டிருப்பார்கள். அந்த இலக்கம் அம்பியர்-மணிக் கணக்கு. 150 என்றால் 7.5 அம்பியர் வீதம் 20 மணித்தியாலம். இரண்டு 150ஐ வரிசையில் கட்டினால் 300 ஆகாது. வோல்ட் இரட்டிக்கும், அம்பியர்-மணி 150 ஆகவே இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

கணக்கை ஒருமுறை போட்டே பார்ப்போம். இரவு பஸ் விடியும் முன் கொழும்பு போய்ச் சேர்கிறது. பகல் முழுவதும் அங்கே நிற்கிறது. சாரதியும் கொண்டக்டரும் உள்ளே படுக்கிறார்கள். இரண்டு மூன்று விசிறி, உள் லைட் கொஞ்சம், பாட்டு, போன் சார்ஜ், எல்லாம் சேர்த்து 8 அம்பியர் என்று வையுங்கள். எட்டு மணித்தியாலத்தில் 64. 150இல் 64 போனால் மிச்சம் பாதியும் கொஞ்சமும். புதுப் பற்றரி தாங்கும். மூன்று வருடம் ஓடிய பற்றரியில் 150 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 90தான் இருக்கலாம். அதில் 64 போனால் பின்னேரம் "டக்".

வரிசையில் கட்டிய இரண்டு பற்றரியும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடு. ஒன்று நொண்டினால் மற்றதின் பலம் வண்டிக்கு உதவாது. அதனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே கம்பனி, ஒரே அளவு, ஒரே மாதம் செய்தவை என்று சோடியாகவே மாற்ற வேண்டும். "ஒன்று நல்லா இருக்கு காக்கா, மற்றதை மட்டும் மாத்துவம்" என்று கடையில் சொன்னால் பணம் மிச்சம்போலத் தெரியும். பழையது புதியதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

பாட்டுச் செற்றுக்கு எடுக்கும் 12 வோல்ட்

எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் பற்றரி கெட்டுப்போகும் வழிகளில் இதைப்போல் ஒன்று இல்லை. யாரும் இதைப் பழுதென்றே நினைப்பதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பஸ் 24 வோல்ட். கடையில் மலிவாகக் கிடைக்கும் செற், அம்பிளிபயர், ஓடுகிற நிற லைட், போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட். வயரிங்காரர் என்ன செய்கிறார்? இரண்டு பற்றரிக்கும் நடுவில் உள்ள இணைப்பில் ஒரு வயர் பிடிக்கிறார். அங்கே 12 வோல்ட் இருக்கிறது. செற் பாடுகிறது. எல்லாருக்கும் சந்தோசம்.

இப்போது அந்த 12 வோல்ட் எந்தப் பற்றரியில் இருந்து போகிறது? சேசியோடு ஏர்த் ஆகியிருக்கும் பற்றரியில் இருந்து மட்டும். மற்றது சும்மா இருக்கிறது. மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போகிற வழி முழுக்கப் பாட்டுப் போட்டால் அந்த ஏர்த் பக்கப் பற்றரி தொடர்ந்து காலியாகிறது. சரி, ஓடும்போது டைனமோ சார்ஜ் செய்யுமே என்பீர்கள். செய்யும். ஆனால் டைனமோ பார்ப்பது இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் வருகிறதா என்பதை மட்டும்தான். அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது அதற்குத் தெரியாது. காலியான பற்றரி 13 வோல்ட்டில் நிற்க, நிரம்பிய மற்றது 15 வோல்ட்டுக்கு ஏறும். கூட்டினால் 28. டைனமோவின் கணக்கில் எல்லாம் சரி.

13இல் நிற்கிற பற்றரி ஒருநாளும் முழுதாக நிரம்பாது. அரைகுறையாகவே கிடந்து அதன் தகடுகளில் வெண்ணிறமான ஈயச் சல்பேற்றுப் படிகம் இறுகும். 15இல் நிற்கிற பற்றரி கொதிக்கும். தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகும், தகடு உதிரும். ஒன்று பட்டினியாலும் மற்றது அதிகமாகத் தின்றும் சாகின்றன. பற்றரிப் பெட்டியைத் திறந்தால் அடையாளம் தெரியும். ஒரு பற்றரிக்கு மட்டும் அடிக்கடி தண்ணீர் விட வேண்டியிருக்கும். ஓய்வில் இருக்கும்போது மீற்றர் வைத்தால் இரண்டுக்கும் 0.3 வோல்ட்டோ அதற்கு மேலோ வித்தியாசம் காட்டும். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் நடு இணைப்பில் யாரோ வயர் பிடித்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்குங்கள்.

தீர்வு ஒன்றும் பெரிதல்ல. 24 வோல்ட்டை 12 ஆக மாற்றும் கன்வேட்டர் ஒன்றைப் போட வேண்டும். அது இரண்டு பற்றரியில் இருந்தும் சமமாக எடுக்கும். அம்பிளிபயர் எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து அதற்கு மேலான அளவில் வாங்குங்கள். இரண்டையும் சமப்படுத்தும் ஈக்குவலைசர் என்ற சாமானும் இருக்கிறது, விலை கூட. சிலர் இரண்டு பற்றரியையும் இடம் மாற்றி வைத்துச் சமாளிக்கிறார்கள். அது நோயைப் பங்கிடுவது, வேறொன்றும் இல்லை. புதுப் பற்றரிச் சோடியின் விலையோடு பார்த்தால் கன்வேட்டர் மிகச் சின்னச் செலவு. பஸ்ஸின் பக்கத்தில் ஓவியம் கீற எவ்வளவு கொடுக்கிறோம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கச்சான், கடல், மாரி

பற்றரிக்குச் சூடு ஆகாது. வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பற்றரிக்காரர்கள் வழமையாகச் சொல்லும் கணக்கு. குளிர் நாட்டுப் புத்தகத்தில் பற்றரி மாரிகாலத்தில் சாகும் என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அது பொருந்தாது. எங்கள் பற்றரி கச்சான் காற்று வீசும் மாதங்களில், அம்பாறைப் பக்கத்து வெயிலில், தார் ரோட்டுக்கு ஒரு முழம் மேலே தொங்கும் இரும்புப் பெட்டிக்குள் கொதிக்கிறது. தண்ணீர் வற்றுவதும் அப்போதுதான் கூடும். அந்தக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மற்றக் காலத்தில் மாதம் ஒருதரம் போதும்.

ஊற்றுவது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கல்லடி, காத்தான்குடிப் பக்கத்துக் கிணறுகள் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ளவை. உப்பில் உள்ள குளோரைட்டு தகட்டை அரித்துவிடும். அமிலமும் ஊற்றாதீர்கள். வற்றுவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. தகடு மறைந்து அதற்கு மேல் 10 முதல் 15 மில்லிமீற்றர் நின்றால் போதும். கழுத்துவரை நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து பெட்டியைத் தின்னும். தகடு வெளியே தெரிகிற அளவு வற்றியிருந்தால் மறையும் அளவுக்கு மட்டும் விட்டு, சார்ஜ் ஏற்றிய பிறகு மிச்சத்தை நிரப்புங்கள்.

ஏ4 பாதை பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பு வரை கடலை ஒட்டியே வருகிறது. அந்த உப்புக் காற்று பற்றரித் தலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்க வைக்கும், ஏர்த் போல்ட்டில் கறள் ஏற்றும். பிறகு ஒக்டோபர் முடிய மாரி வந்தால், ரோட்டில் நிற்கும் வெள்ளத்துக்குள் பஸ்ஸை இறக்க வேண்டிவரும். ஸ்டார்ட்டர் எஞ்சினின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போனால் பினியன் ஓடும் தண்டில் சேறு பிடிக்கும், தண்டைத் தாங்கும் புஷ்ஷில் உள்ள எண்ணெய் கழுவுப்படும். வெள்ளத்துக்குள்ளே எஞ்சின் நின்றுவிட்டால் அந்த இடத்திலேயே திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது இறுகாது. பிஸ்டனைத் தாங்கும் கொனெக்றிங் ரொட் வளைந்துவிடும். அதோடு பார்த்தால் ஸ்டார்ட்டர்ச் செலவு ஒன்றுமே இல்லை.

ஓடாமல் நிற்பதும் பற்றரிக்குக் கேடு. 2022இல் டீசல் இல்லாமல் வாகனங்கள் வரிசையில் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். சும்மா நின்றாலும் பற்றரி தன்பாட்டில் காலியாகும், சூட்டில் இன்னும் வேகமாக. மணிக்கூடு, அலாரம் போன்றவை வேறு இழுக்கும். சில நாட்களுக்கு மேல் நிறுத்துவதென்றால் மெயின் சுவிச்சை அணையுங்கள். அது இல்லாத பஸ்ஸில் மைனஸ் கேபிளைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருதரம் சார்ஜருக்குப் போடுங்கள்.

மீற்றரைக் கையில் எடுத்தால்

சாதாரண மல்டிமீற்றர் போதும், நேரோட்டம் 200 வோல்ட் என்ற இடத்தில் வையுங்கள். இரவு ஓடி வந்த பஸ் சில மணித்தியாலம் ஓய்ந்து நின்ற பிறகு ஒவ்வொரு பற்றரியாக அளக்க வேண்டும். ஓடி நின்றவுடன் அளந்தால் பொய்யான உயர்வு காட்டும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரிய விட்டு அணைத்துவிட்டு அளக்கலாம். 12.6, 12.7 என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12க்குக் கீழே என்றால் அது பசியில் கிடக்கிறது, உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும்.

தண்ணீர்ப் பற்றரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றர் இன்னும் நல்ல சாட்சி. அது அறை அறையாகப் பேசும். எங்கள்போன்ற சூட்டு நாடுகளுக்கு நிரப்பும் அமிலம் கொஞ்சம் மெல்லியது என்பதால் நிறைந்த பற்றரி 1.24, 1.25 காட்டினாலும் பயப்பட வேண்டாம். குளிர் நாட்டுக் கணக்கில் 1.28 இருக்கும். பார்க்க வேண்டியது அறைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை. ஐந்து அறை 1.24இல் நிற்க ஆறாவது 1.17இல் கிடந்தால் அந்த அறை போய்விட்டது. ஒரு அறை போனால் பற்றரி போனதுதான்.

எஞ்சின் ஓடும்போது இரண்டு பற்றரிக்கும் குறுக்கே 27.5 முதல் 28.5 வோல்ட் இருக்க வேண்டும். 29க்கு மேலே போனால் டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சரியில்லை, பற்றரி கொதிக்கும். 27க்குக் கீழே என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள், பிறகு டைனமோ.

இப்போது முக்கியமான சோதனை. எஞ்சின் பற்றாதபடி, டீசலை நிறுத்தி எஞ்சினை அணைக்கும் ஸ்டொப் கேபிளை இழுத்துப் பிடிக்க ஒருவர் வேண்டும். கியர் நியூட்ரலில், ஹாண்ட் பிரேக் போட்டு. அவர் நாலைந்து செக்கன் செல்ஃப் அடிக்க, நீங்கள் பற்றரிகளை அளக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. தனித்தனியே பார்த்தால் இன்னும் தெளிவு. ஒன்று 11இல் நிற்க மற்றது 7க்கு விழுந்தால் நொண்டி மாடு எது என்று தெரிந்துவிட்டது.

பற்றரி நன்றாக நிற்கிறது, ஆனால் மோட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் குற்றம் வழியில். மீற்றரின் சிவப்புக் கம்பியைப் பற்றரியின் பிளஸ் ஈயத் தலையிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. கறுப்பைச் சொலினொயிட்டில் பெரிய கேபிள் வந்து பூட்டும் போல்ட்டில் வையுங்கள். சும்மா இருக்கும்போது பூச்சியம் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பிளஸ் பக்கம் நல்லது. ஏர்த் பக்கத்தையும் அப்படியே பாருங்கள்: மைனஸ் தலைக்கும் ஸ்டார்ட்டரின் உடம்புக்கும் நடுவில். இங்கே ஒரு வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு வோல்ட்தானே என்று விடாதீர்கள். 300 அம்பியர் போகும் இடத்தில் ஒரு வோல்ட் விழுந்தால் அங்கே 300 வாட் சூடாக எரிகிறது. சோதனை முடிந்ததும் மூட்டுகளைக் கையால் தொட்டுப் பார்த்தால் எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி.

என் அனுபவத்தில் அதிகம் அகப்படுவது ஏர்த் கேபிள். பிளஸ் பக்கத்தைப் பார்க்க எல்லாருக்கும் ஞாபகம் வரும். சேசியில் பூட்டிய போல்ட்டையும், எஞ்சினுக்கும் சேசிக்கும் இடையில் உள்ள பின்னல் கேபிளையும் யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின் கடத்தாது. அந்தப் பின்னல் அறுந்தால் மின்னோட்டம் அக்சிலேட்டர் கேபிள், கியர்க் கம்பி என்று கண்ட வழியால் திரும்பத் தேடும். அக்சிலேட்டர் கேபிள் காரணமில்லாமல் சுடுகிறதென்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தலைகளைத் துப்புரவாக்குவது எளிது. முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பூட்டும்போது மைனஸைக் கடைசியாகப் பூட்டுங்கள். இதை மாற்றிச் செய்தால் பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பானர் பஸ்ஸின் பொடியில் (இரும்பு உடம்பில்) பட்டு உருகும். அப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் வெள்ளை நுரைத்துக் கரையும். மூடி ஓட்டைக்குள் ஒரு சொட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அமிலத்தைக் கெடுத்துவிடும். நல்ல தண்ணீரால் கழுவி, கம்பிப் பிரஷ்ஷால் ஈயம் மினுங்கும்வரை தேய்த்து, பூட்டி இறுக்கிய பிறகு வசிலினோ கிறீசோ பூசுங்கள். பூசிவிட்டுப் பூட்டுவது பிழை. கிளாம்ப் தளர்வென்று பியர் டின் தகட்டை வெட்டிச் சொருகுகிறவர்களும் உண்டு. புதுக் கிளாம்ப் போடுங்கள்.

சார்ஜ் ஏறும் பற்றரியில் இருந்து ஐதரசன் வரும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. மூடிக்குள் எட்டிப் பார்க்க லைட்டர் அடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கையில் போன் இருக்கிறது, அதில் டோர்ச் இருக்கிறது! அமிலம் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீரால் கழுவிக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சத்தத்தைக் கேளுங்கள்

"டக்டக்டக்" என்று தொடர்ந்து அடித்தால் பற்றரி பலவீனம் அல்லது தலை தளர்வு. சொலினொயிட் இழுக்கிறது, பெரிய மின்னோட்டம் போகத் தொடங்கியதும் வோல்ட் விழுகிறது, விட்டுவிடுகிறது, மீண்டும் இழுக்கிறது. ஒரே ஒரு பலமான "டக்" என்றால் சொலினொயிட்டின் செப்புத் தட்டு எரிந்திருக்கலாம் அல்லது மோட்டரின் பிரஷ் (சுற்றும் பகுதிக்கு மின் கொடுக்கும் காபன் துண்டு) தேய்ந்திருக்கலாம். பிரித்தறிய, சொலினொயிட்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே மீற்றர் வையுங்கள். சும்மா இருக்கையில் 24 சொச்சம் காட்டும். செல்ஃப் அடித்தபோது பூச்சியத்துக்கு அருகில் விழ வேண்டும். "டக்" அடித்தும் 24 அப்படியே நின்றால் செப்புத் தட்டு தொடவில்லை. பூச்சியத்துக்கு விழுந்தும் மோட்டர் சுற்றவில்லை, பற்றரியும் நல்லது என்றால், இப்போதுதான் மோட்டரைக் கழற்றும் நேரம்.

மோட்டர் கீச்சென்று வேகமாகச் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் ஒருவழிக் கிளச் வழுக்குகிறது. கரகரவென்று பல் அரைபட்டால் பினியனும் பிளைவீல் வளையமும் தேய்ந்துவிட்டன. எஞ்சின் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் நிற்கும் என்பதால் வளையத்தில் அந்த இடத்துப் பற்கள் மட்டும் முதலில் தேயும். அதனால்தான் பஸ்ஸைக் கொஞ்சம் உருட்டினால் ஸ்டார்ட் ஆகிறது.

ஸ்டார்ட்டர் தன்பாட்டில் சாகும் வழிகளில் முக்கியமானது சூடு. பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். அடித்தால் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். மூன்று நாலு தடவையில் பற்றவில்லை என்றால் டீசல் லைனில் காற்றா, ஸ்டொப் கேபிள் திரும்பவில்லையா என்று பாருங்கள். ஸ்டொப் கேபிள் கறள் பிடித்துப் பாதியில் நிற்க, பற்றரி செத்துப்போகும் மட்டும் செல்ஃப் அடித்த கதைகள் எல்லாக் கராஜிலும் உண்டு.

பஸ்ஸுக்குக் கீழே படுத்துச் சொலினொயிட்டில் பற்றரிக் கேபிள் பூட்டிய பெரிய போல்ட்டையும் சாவி வயர் வரும் சின்ன முனையையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்வதைச் சிலர் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். கியரில் இருந்தால் பஸ் அவர் மேலேயே ஏறும். சின்னப் பெடியன்களைக் கீழே அனுப்பி இதைச் செய்விக்கும் சாரதிமாரைக் கண்டால் வாய் திறந்து ஏசுங்கள்.

வேறு பஸ்ஸில் இருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்வதானால் அதுவும் 24 வோல்ட்டாக இருக்க வேண்டும். சின்ன பஸ்களில் 12 வோல்ட்டும் உண்டு, பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கடைசி கிளாம்பைப் பற்றரியில் பூட்டாமல் தள்ளி எஞ்சின் உடம்பில் பூட்டினால் பொறி வாயுவுக்குப் பக்கத்தில் பறக்காது. அப்புறம், பொடி வேலைக்கு விட்டு வெல்டிங் பிடிக்கும்போது பற்றரிக் கேபிளையும் டைனமோ வயரையும் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டைனமோவின் டயோட் போய்விடும்.

மோட்டரைக் கழற்றியாயிற்று என்றால் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை சில. காபன் பிரஷ் புதியதன் பாதி நீளத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால் நாலையும் மாற்றுங்கள், ஸ்பிரிங்கையும் பாருங்கள். பிரஷ் உரசும் செப்பு உருளை கறுத்துக் குழி விழுந்திருந்தால் கடைசலில் போட்டு எடுத்து, செப்புத் துண்டுகளுக்கு நடுவில் உள்ள மைக்காவைக் கொஞ்சம் ஆழப்படுத்த வேண்டும். புஷ் தேய்ந்திருந்தால் நடுவில் சுற்றும் ஆமேச்சர் சாய்ந்து சுற்றிலும் உள்ள இரும்பில் உரசும். உரசிய தடம் மினுங்கும், அதைக் கண்ணாலேயே காணலாம். பினியனைக் கையால் ஒரு பக்கம் திருப்பினால் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். அது ஓடும் தண்டுக்குக் கட்டிக் கிறீஸ் அப்பாதீர்கள், கிளச் தூசி அதில் ஒட்டிக் களியாகும். மோட்டர் கழன்றிருக்கும்போது அந்தத் துளை வழியாக டோர்ச் அடித்து, பிளைவீலைக் கையால் சுற்ற வைத்து, வளையத்தின் பற்களை ஒரு முழுச் சுற்றுப் பாருங்கள். அடுத்த தடவை அந்தத் துளை திறக்க எவ்வளவு காலமாகும் என்று தெரியாது. மோட்டர் உட்காரும் முகத்தையும் கறள் போகத் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள், அதன் ஏர்த் அந்த வழியால்தான் போகிறது. பூட்டி முடிந்ததும் ஒருமுறை செல்ஃப் அடித்து, ஒவ்வொரு பற்றரியும் எத்தனை வோல்ட்டுக்கு இறங்கியது என்று பற்றரிப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் திகதியோடு பெயின்ற் பேனையால் எழுதி வையுங்கள். அடுத்த தடவை அளக்கிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் இருக்கும்.